அம்மாவுக்கு மூன்று விளக்குகள்

"முகத்தக் கொஞ்சம் இடது பக்கம் திருப்பு. உன் இடது இல்ல, என் இடது."

"மூச்சு வாங்குதுங்க."

"அதெல்லாம் டாக்டர் வந்தப்புறம் வாங்கிக்கலாம். இப்ப தாடையக் கொஞ்சம் இறக்கு. ம், அவ்வளவுதான். அசையாத."

"மூச்சு வாங்குதுன்னு சொல்றதுக்குத்தான் டாக்டரையே கூப்பிட்டிருக்கு. அசையாம எப்படி வாங்கறதாம்?"

"அண்ணி, பேசாதீங்க. பவுடர் உதிருது."

பவுடர் போட்டுக்கொண்டிருந்தவர் என் சித்தப்பா. அசையாதே என்று அதட்டிக்கொண்டிருந்தவர் என் அப்பா. அசையாமல் மூச்சு வாங்க முயன்றுகொண்டிருந்தவள் என் அம்மா. எங்கள் ஸ்டூடியோவின் சுழல் ஸ்டூலில், மேகங்கள் வரைந்த திரைக்கு முன்னால் அவளை உட்கார வைத்திருந்தார்கள். நான் கம்ப்யூட்டர் பக்கத்தில் நின்று, மருத்துவச் செயலியில் சுற்றிக்கொண்டே இருந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'டாக்டர் இன்னும் சில நொடிகளில் உங்களுடன் இணைவார்' என்றது அது. அந்தச் சில நொடிகளுக்குள் அப்பா தன் மூன்று விளக்குகளையும் ஒருமுறை இடம் மாற்றி, பிடிக்காமல், பழைய இடத்திலேயே கொண்டுவந்து வைத்துவிட்டார்.

எங்கள் வீடு மாடியில். ஸ்டூடியோ கீழே. நடுவில் செங்குத்தாக ஏறிப் பாதியில் ஒடிந்து திரும்பும் படிக்கட்டு. அந்தத் திருப்பத்தில் கொஞ்ச காலமாக ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் முளைத்திருந்தது. எதற்கு என்று கேட்டால், துணி மடிக்க என்றாள் அம்மா. படிக்கட்டுத் திருப்பத்தில் உட்கார்ந்து துணி மடிக்கிற பெண்ணை நான் எந்தக் கதையிலும் படித்ததில்லை. ஒருநாள் மேலிருந்து எட்டிப் பார்த்தேன். அந்த ஸ்டூலில், நெஞ்சில் கையை வைத்தபடி, கரையில் எடுத்துப் போட்ட மீனைப் போல வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டு, மடியில் இல்லாத துணியை இரண்டு தட்டு தட்டினாள்.

அன்றைக்கே டாக்டரைப் பார்த்தாக வேண்டும் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். ஆஸ்பத்திரிக்கு வர அம்மா சம்மதிக்கவில்லை. "அங்க வரிசையில நிக்கறதுக்கு நல்ல உடம்பு வேணும்டி" என்றாள். அப்பாவால் கடையைச் சாத்த முடியாது. கடைசியில் இந்தச் செயலிதான் எல்லோருக்கும் ஒத்துவந்தது. குடும்பத் திட்டம், அப்பா பெயரில். மாடியில் சிக்னல் நொண்டியடிக்கும், கீழே ஸ்டூடியோவில்தான் நல்ல இணைப்பும் நல்ல கேமராவும் இருக்கின்றன என்று நான் சொன்னதுதான் தாமதம். சோபாவில் படுத்திருந்த அப்பா எழுந்து உட்கார்ந்தார்.

"கேமராவா?" என்றார்.

அவருக்கு ஒரு கொள்கை உண்டு. தன் கூரைக்குக் கீழே யாரும் கேமரா முன்னால் சும்மா போய் உட்காரக் கூடாது. மின்சார அலுவலகத்தின் அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வருகிற லைன்மேனைக்கூட, முகம் கழுவித் தலைசீவி, மூன்று விளக்குக்கு நடுவில் மாப்பிள்ளை மாதிரி உட்கார வைத்துத்தான் எடுப்பார். பக்கத்தில் ஒன்று, எதிரில் வெள்ளைக் குடைக்குள் ஒன்று, முதுகுக்குப் பின்னால் ஒன்று. பக்க விளக்கின் மேல் மெல்லிய ஆரஞ்சுத் தாள். "தாள் இல்லாத வெளிச்சம் மனுஷனுக்கு ஆகாது" என்பார். விளக்கு போட்டும் சரியாகாத முகங்களைக் கம்ப்யூட்டரில் சரியாக்குவது சித்தப்பாவின் வேலை. பருக்கள், தழும்புகள், தூங்காத கண்கள் எல்லாம் அவர் சுட்டியின் நுனியில் மறைந்துவிடும். தெருவில் அவருக்கு 'பவுடர்' என்று பெயர். எனக்கு முன் கவுண்டரில் வேலை. படங்களைக் கத்தரித்து உறையில் போடுவேன். வீட்டின் எல்லாக் கடவுச்சொற்களையும் நினைவில் வைத்திருப்பதும் நான்தான்.

வட்டம் நின்றது. டாக்டர் வந்தார்.

நேர் உச்சியில் எரிந்த குழல் விளக்கின் கீழே உட்கார்ந்திருந்த இளைஞர். வெளிச்சம் நெற்றியில் விழுந்து மூக்கில் சறுக்கி நின்றுவிட்டதால் கண்கள் இருந்த இடத்தில் இரண்டு பள்ளங்கள் மட்டும் தெரிந்தன. பின்னால் ஒரு குளிர்சாதனப் பெட்டி. அதன் கதவு முழுக்கப் பழங்கள் வடிவில் காந்த வில்லைகள்.

"ஐயையோ" என்றார் அப்பா மெதுவாக. "இவருக்கே ஒரு டாக்டர் பாக்கணும் போலிருக்கே."

"வணக்கம் சார்" என்றார் டாக்டர், தன் திரையில் எதையோ படித்தபடி. "ஆண், வயசு அம்பத்தெட்டு..." நிமிர்ந்து பார்த்தார். மேகங்களுக்கு நடுவே என் அம்மா ஒளிர்ந்துகொண்டிருந்தாள். "மன்னிக்கணும். உங்க வீட்டுக்காரர் கணக்குல வந்திருக்கீங்களா? சொல்லுங்கம்மா, என்ன பண்ணுது?"

அம்மாவுக்கு ஒரு பழக்கம். கல்யாணமான நாளிலிருந்து அப்பா விளக்குகளைச் சரிபார்க்க அவளைத்தான் உட்கார வைப்பார். அதனால் ஒரு லென்ஸ் தன்னைப் பார்த்தால் அவளுக்குத் தானாகச் சிரிப்பு வந்துவிடும். அது அவள் கையில் இல்லை.

"மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது டாக்டர்" என்று பற்கள் தெரியச் சொன்னாள். மகளுக்கு வேலை கிடைத்த செய்தியைச் சொல்வது போல இருந்தது. "நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. கை கால் ஓஞ்சு போகுது."

"பாக்க நல்லா தெளிவா இருக்கீங்களேம்மா" என்றார் டாக்டர். "முகத்துல நல்ல களை இருக்கு."

"அது பக்க விளக்கு டாக்டர்" என்றார் அப்பா.

"யாரு அது?"

அப்பாவின் தலை பக்கவாட்டில் நுழைந்தது. பிறகு தோள்கள். பிறகு முழு அப்பாவும். "நான்தான் கணக்குக்குச் சொந்தக்காரன். ஸ்டூடியோ வச்சிருக்கேன். தப்பா நினைச்சுக்காதீங்க, உங்களுக்கு வெளிச்சம் உச்சந்தலையில விழுது. கண்ணு ரெண்டும் குழி. உடம்பு முடியாதவங்க பாத்தா பயந்துடுவாங்க."

டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. தொலைந்த பொருள் கிடைத்தவர் போல நாற்காலியை முன்னால் இழுத்தார். "அதனாலதானா? தினமும் யாராவது ஒருத்தர் 'தூங்கினீங்களா டாக்டர்'னு கேக்குறாங்க சார். நான் நல்லாத்தான் தூங்கறேன்."

"டேபிள் லேம்ப் இருக்கா?"

"இருக்கு."

"முகத்துக்கு நேரா வச்சிடாதீங்க. வெள்ளச் சுவத்தப் பாத்து வைங்க. சுவத்துல பட்டு, திரும்பி உங்க மேல விழணும். அதான் மரியாதையான வெளிச்சம்."

"அப்பா" என்றேன்.

"இரு பாப்பா, டாக்டர் எழுதிக்கறார்."

உண்மையிலேயே எழுதிக்கொண்டார். ஒதுக்கிய நேரம் முடியப் போகிறது என்று செயலி மணி அடித்தபோதுதான் இருவருக்கும் அம்மாவின் நினைவு வந்தது. வயசுதான், உட்கார்ந்தே இருப்பதுதான், கவலைப்பட ஒன்றுமில்லை, தினமும் நடங்கள், ஒரு சத்து மாத்திரை எழுதுகிறேன் என்று டாக்டர் அவசரமாகச் சொன்னார். அம்மா கடைசி வரை சிரித்துக்கொண்டே இருந்தாள். திரை அணைந்து, 'உங்கள் அனுபவம் எப்படி இருந்தது?' என்று ஐந்து நட்சத்திரங்கள் வந்தன. அப்பா மூன்றை அழுத்தி, 'டாக்டர் தங்கமான மனிதர். பின்னணி சரியில்லை' என்று தட்டினார்.

நடக்கச் சொல்லிவிட்டாரே, நடந்தோம். மாலையில் நானும் அம்மாவும் தெருமுனை வரை போவோம். தெருமுனைக்குக் கொஞ்சம் முன்பே இருக்கும் டயர் கடையோடு அம்மாவின் உலகம் முடிந்துவிடும். அங்கே அடுக்கியிருந்த பழைய டயர்களின் மேல் உட்கார்ந்து, சாலையை வேடிக்கை பார்ப்பதாகப் பாவனை செய்வாள். போகப் போகக் கடைக்காரர் எங்களுக்கென்று ஒரு டயரைத் துடைத்தே வைக்க ஆரம்பித்தார்.

"அக்காவுக்குக் காத்து இறங்கிப் போச்சா?" என்பார்.

"ஆமாப்பா, நீயே கொஞ்சம் அடிச்சு விடு" என்பாள் அம்மா, வார்த்தைக்கு வார்த்தை நிறுத்தி.

சத்து மாத்திரை தீர்ந்தது. படிக்கட்டு ஸ்டூலில் அவள் உட்காரும் நேரம் நீண்டது. இன்னொரு பழக்கமும் சேர்ந்துகொண்டது. மதியத்தில் சமையலறையிலிருந்து கடக், கடக் என்று சத்தம் வரும். போய்ப் பார்த்தால் அம்மா ஐஸ் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கட்டி கட்டியாகக் கடித்துக்கொண்டிருப்பாள். திருட்டுத்தனமாகச் சாக்லேட் தின்னும் குழந்தையின் கண்கள்.

"பல் போயிடும்மா."

"வெயிலா இருக்குல்ல" என்பாள். வெளியே மழை பெய்துகொண்டிருக்கும்.

மறுபடியும் டாக்டரைக் கூப்பிட்டேன். இந்த முறை நான்தான் பேசுவேன், அப்பா வாயைத் திறக்கவே கூடாது என்று முன்கூட்டியே ஒப்பந்தம் செய்துகொண்டோம். அவரும் ஒழுங்காக உதட்டை மடித்துக்கொண்டு நின்றார். வட்டம் நின்று டாக்டர் தோன்றினார். பக்கத்துச் சுவரிலிருந்து திரும்பிய இதமான வெளிச்சம் அவருடைய கன்னத்தில் விழுந்திருந்தது. கண்கள் தெரிந்தன. அவை அழகான கண்களாகவும் இருந்தன. குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒரு நீலத் திரைச்சீலை தொங்கியது.

ஒப்பந்தம் அந்தக் கணமே செத்துப்போனது.

"பிரமாதம் டாக்டர்" என்றார் அப்பா, குரல் தழுதழுக்க.

"எல்லாம் நீங்க சொன்னதுதான் சார். இப்ப யாரும் தூங்கினீங்களான்னு கேக்கறதில்ல. நேத்து ஒருத்தங்க உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சான்னு கேட்டாங்க."

"அந்தத் திரைய மட்டும் இன்னும் கொஞ்சம் பின்னால தள்ளிட்டீங்கன்னா..."

"டாக்டர்" என்று நான் நடுவில் புகுந்தேன். "அம்மாவால தெருமுனை வரைக்கும்கூட நடக்க முடியல."

அவர் முகம் மாறியது. அம்மாவை உற்றுப் பார்த்தார். அம்மா சிரித்தாள். கன்னங்கள் இரண்டும் பழுத்த பழம் மாதிரி இருந்தன. டாக்டர் குழம்பியது தெரிந்தது. கேட்பது ஒன்றும் காண்பது ஒன்றுமாக இருந்தால் யார்தான் குழம்ப மாட்டார்கள்? "எதுக்கும் ஒண்ணு பண்ணுங்க. கீழ் இமையக் கொஞ்சம் இழுத்துப் பிடிச்சு உள்பக்கத்த ஒரு போட்டோ. நாக்கு ஒண்ணு. கை நகம் ஒண்ணு. செயலியில அனுப்புங்க, பாத்துட்டுச் சொல்றேன்" என்றார்.

போட்டோ என்ற சொல்லை அவர் எங்கள் வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது.

அன்று ஸ்டூடியோவில் வாடிக்கையாளர்களைத் திருப்பி அனுப்பினார்கள். மோதிரங்களை எடுக்கும் தனி லென்ஸை அப்பா வெளியே எடுத்தார். இமையை இழுத்துப் பிடித்துப் பிடித்து அம்மாவுக்குக் கண்ணீர் வந்தது. நான் முன்னால், முந்தின நாள் எடுத்த இரண்டு பேருக்குப் படம் கத்தரித்துக் கொடுத்துவிட்டு உள்ளே போவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அப்பா தன் போனிலிருந்து அனுப்பியும் விட்டார். சித்தப்பா திருப்தியோடு விரல்களில் நெட்டி முறித்துக்கொண்டிருந்தார்.

"நல்லா வந்துச்சா சித்தப்பா?"

"மொதல்ல சுமாராத்தான் இருந்துச்சு. கண்ணு உள்பக்கம் ஒரே வெளுப்பு, பேப்பர் மாதிரி. கொஞ்சம் ரோஸ் ஏத்தினேன். நகம் எல்லாம் குழி விழுந்து கிடந்துச்சு, இழுத்து நேராக்கிட்டேன். நாக்குலதான் ரொம்ப வேலை வாங்கிடுச்சு."

கையிலிருந்த கத்தரியைக் கீழே வைத்தேன். "டாக்டர் எதுக்கு அந்தப் படத்தக் கேட்டார்னு நினைக்கறீங்க?"

"பாக்கறதுக்கு" என்றார் சித்தப்பா.

"சரி செய்யாத படம் இந்தக் கடைய விட்டு வெளிய போனதில்ல, போகவும் போகாது" என்றார் அப்பா. "அதுவும் என் பொண்டாட்டி படம்."

அதற்குள் டாக்டரின் பதில் வந்தது. 'படங்கள் மிகத் தெளிவு. இவ்வளவு ஆரோக்கியமான இமையைப் பார்த்து நாளாகிறது. நடைப்பயிற்சியைத் தொடரவும்.' அப்பா அதை எல்லோருக்கும் இரண்டு தடவை வாசித்துக் காட்டினார். சரி செய்யாத படங்களை அனுப்பலாமா என்று நான் கேட்டேன். சித்தப்பா சங்கடமாகத் தலையைச் சொறிந்தார். சரி செய்த பிறகு பழையதை வைத்துக்கொள்கிற வழக்கம் அந்தக் கடையில் இல்லை.

மறுநாள் மாலை அம்மா டயர் வரை வந்து சேர்வதற்குள் இரண்டு முறை சுவரைப் பிடித்துக்கொண்டாள். உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். கடைக்காரர் அன்றைக்குக் கிண்டல் செய்யவில்லை. என்னைத் தனியாக அழைத்தார்.

"அக்கா ரொம்ப வெளுத்துப் போயிருக்காங்களே. டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"காட்டியாச்சு. நல்லாத்தான் இருக்காங்கன்னு சொல்லிட்டார்."

"எங்க வச்சுப் பாத்தார்?"

"எங்க ஸ்டூடியோல. வீடியோல."

"அதானே" என்றார் அவர். "உங்கப்பா எடுத்த போட்டோல நான்கூடத்தான் நல்லா இருக்கேன்."

வீட்டுக்கு வந்ததும் அம்மாவைச் சமையலறை ஜன்னல் பக்கம் நிற்க வைத்தேன். என் உள்ளங்கையை அவள் உள்ளங்கைக்குப் பக்கத்தில் விரித்தேன். என்னுடையது மனிதக் கை. அவளுடையது மெழுகில் செய்தது போல இருந்தது. ரேகைகள்கூட ஈரம் காய்ந்த கோடுகளாக இருந்தன. உதடு எங்கே முடிகிறது, கன்னம் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியவில்லை. தினமும் பார்க்கிற முகம். ஆனால் நான் அதிகம் பார்த்ததெல்லாம் கவுண்டருக்குப் பின்னால் மாட்டியிருந்த பெரிய படத்தைத்தான் போலிருக்கிறது. அதில் அவள் எப்போதும் இளஞ்சிவப்பு.

"என்னடி இப்படிப் பாக்கற?" என்றாள். வாய்க்குள் ஐஸ் உருண்டது.

மூன்றாவது அழைப்பை மாடியிலேயே, சமையலறையிலேயே வைத்துக்கொள்ளத் திட்டமிட்டேன். விளக்கு கிடையாது, பவுடர் கிடையாது, அப்பாவும் கிடையாது. வட்டம் சுற்றிச் சுற்றி ஒருவழியாக டாக்டர் வந்தார். "எப்படி இருக்" என்பதோடு உறைந்துபோனார். எங்கள் பக்கத்துப் படமும் உறைந்தது. நாக்கை நீட்டிய அம்மா நீட்டியபடியே நின்றாள். பிறகு எல்லாம் கட்டம் கட்டமாகச் சிதறி, திரை கறுத்தது. 'உங்கள் அனுபவம் எப்படி இருந்தது?' என்று நட்சத்திரங்கள் வந்தன.

வேறு வழியில்லை. அம்மாவைப் பிடித்துப் பிடித்து ஒவ்வொரு படியாகக் கீழே இறக்கினேன். இறங்குவதற்கே அவளுக்கு அந்த ஸ்டூல் தேவைப்பட்டது. ஸ்டூடியோவில் அப்பா, நாங்கள் வருவோம் என்று தெரிந்தே வைத்திருந்தவர் போல, மூன்று விளக்குகளையும் எரியவிட்டுக் காத்திருந்தார்.

"அணைச்சுடுங்கப்பா."

"எதுக்கு?"

"அம்மா எப்படி இருக்காளோ அப்படியே டாக்டர் பாக்கட்டும்."

"அப்படியேன்னு ஒண்ணு கிடையாது பாப்பா. வெளிச்சம் இல்லாம யாரும் எப்படியும் இல்ல" என்றார். தொழிலில் பாதி ஆயுளைக் கழித்தவரின் பதில். அதோடு மல்லுக்கட்ட எனக்கு நேரமில்லை. நான் மறுபடி கூப்பிட்டதில் டாக்டர் ஏற்கெனவே திரையில் வந்து, நீலத் திரைச்சீலையைப் பெருமையோடு சரிசெய்துகொண்டிருந்தார். இந்தத் தடவை அது கொஞ்சம் பின்னால் தள்ளி இருந்தது.

நான் பிரிண்டரின் தட்டிலிருந்து ஒரு தாளை உருவினேன். அம்மாவின் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்தேன்.

"டாக்டர், இது என்ன கலர்?"

"எது? அந்தத் தாளா? ஒருமாதிரி... ரோஸும் ஆரஞ்சும் கலந்த மாதிரி இருக்கு. நல்லாத்தான் இருக்கு."

"இது சாதாரணப் பிரிண்டர் பேப்பர். வெள்ளை."

டாக்டர் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். தாளைப் பார்த்தார். தாளுக்குப் பக்கத்தில் இருந்த முகத்தைப் பார்த்தார். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நிறம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். திரையை நோக்கி மிக நெருங்கி வந்தார். அப்பா கற்றுக்கொடுத்த வெளிச்சத்தை விட்டு வெளியே வந்துவிட்டதால் அவர் கண்கள் பழையபடி குழியாகத் தெரிந்தன.

"சார்" என்றார். "எத்தனை லைட் எரியுது அங்க?"

"மூணு" என்றார் அப்பா. "ரொம்பக் கம்மியா வச்சிருக்கேன்."

"ஒவ்வொண்ணா அணைங்க."

அப்பா நகரவில்லை. சித்தப்பா அண்ணனின் முகத்தைப் பார்த்தார், பிறகு அண்ணியின் முகத்தைப் பார்த்தார். சுவிட்ச் பலகையிடம் தானே போனார். முதலில் முதுகு விளக்கு போனது. அம்மாவின் தலையைச் சுற்றியிருந்த பொன் விளிம்பு மறைந்தது. அடுத்து குடை. கன்னம் சற்றே உள்ளே போனது. ஆரஞ்சுத் தாள் ஒட்டிய பக்க விளக்கின் மேல் சித்தப்பாவின் விரல் கொஞ்சம் தயங்கிற்று. "மன்னிச்சுக்குங்க அண்ணா" என்று சொல்லிவிட்டு அழுத்தினார்.

முன்கதவின் கண்ணாடி வழியாக வந்த பகல் மட்டும் மிஞ்சியது. கடை வாசலில் மாதிரிக்கு வைக்கும் படங்கள் வெயில் பட்டுப் பட்டு நாளடைவில் நிறம் கழன்று, கடைசியில் கண்களும் புருவமும் மட்டும் எஞ்சி நிற்கும். திரையில் என் அம்மா அப்படி இருந்தாள்.

"அம்மா" என்றார் டாக்டர். "சிரிக்காதீங்க."

"சிரிக்கலையே டாக்டர்."

"சிரிக்கறீங்கம்மா."

அவள் உதடுகளைக் கையால் தொட்டுப் பார்த்து, அவற்றை மெல்லக் கீழே இறக்கினாள். இமையை இழுக்கச் சொன்னார். நாக்கு. உள்ளங்கை. நகங்கள். ஒவ்வொன்றையும் கேமராவிடம் கொண்டு வந்தேன். குளிர்சாதனப் பெட்டிக்காரரான அந்த இளைஞர் எங்கேயோ போய்விட்டு, அவருடைய நாற்காலியில் ஒரு டாக்டர் வந்து உட்கார்ந்ததைப் போல இருந்தது.

"வழக்கமாச் சாப்பிடாத எதையாவது சாப்பிடணும்னு தோணுதா? மண்ணு, சாக்பீஸ், அந்த மாதிரி?"

அம்மா என்னைப் பார்த்தாள். "மண்ணெல்லாம் இல்ல" என்று கௌரவத்தோடு சொன்னாள். பிறகு குரலைத் தணித்து, "ஐஸ்" என்றாள்.

"எவ்வளவு?"

"இருக்கற வரைக்கும்."

டாக்டர் மூச்சை இழுத்து விட்டார். "போன ரெண்டு தடவையும் நான் உங்களப் பாக்கவே இல்லம்மா. நான் பாத்தது வேற யாரையோ. தப்பு என் மேலயும் இருக்கு; நீங்க சொன்னதக் கேட்டிருக்கணும், பாத்ததையே நம்பிட்டேன்." என் பக்கம் திரும்பினார். "ரத்தத்துல இரும்பு ரொம்பக் குறைஞ்ச மாதிரி தெரியுது. இப்பவே ரத்தப் பரிசோதனை. நடந்து போகக் கூடாது, வண்டி பிடிங்க. இமையப் பாத்தா ரத்தமே ஏத்த வேண்டி வரலாம்னு தோணுது. முடிவு வந்ததும் வீட்டுக்குத் திரும்பாதீங்க, அங்கிருந்தே எனக்குக் கூப்பிடுங்க. அநேகமா நேரா ஆஸ்பத்திரிக்குத்தான்."

"வரிசையில நிக்கணுமா?" என்றாள் அம்மா.

"இல்லம்மா. உங்கள நிக்க வைக்க மாட்டாங்க."

அதைக் கேட்டு அவள் பயந்துபோனாள். அதுவரை அவள் பயப்பட்டு நான் பார்த்ததில்லை. அல்லது விளக்கு எரிந்துகொண்டிருந்ததால் தெரியாமல் இருந்திருக்கலாம்.

"போறதுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணு தெரிஞ்சாகணும்" என்றார் டாக்டர். "அங்க இருக்கற டாக்டருக்கு நான் எழுதி அனுப்பணும். இந்த வெளுப்பு எப்பலேர்ந்து? ரொம்ப நாளா மெல்ல மெல்ல வந்ததுன்னா ஒரு வழி. போன ஒண்ணு ரெண்டு வாரத்துல சட்டுனு வந்ததுன்னா உள்ளுக்குள்ள எங்கயோ ரத்தம் போகுதுன்னு அர்த்தம். ரெண்டுக்கும் அவசரம் வேற. யோசிச்சுச் சொல்லுங்க."

"எனக்கென்ன தெரியும்?" என்றாள் அம்மா. "நான் கண்ணாடியா பாத்துக்கிட்டு இருக்கேன்?"

எனக்கும் தெரியவில்லை. மூச்சு வாங்குவது தெரியும். அந்த ஸ்டூல் தெரியும். நிறம் என்றைக்கு எங்களை விட்டுப் போனது என்று தெரியாது.

"அண்ணாவுக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றார் சித்தப்பா. சொல்லிவிட்டுத் தன் வாயைத் தானே பொத்திக்கொள்வது போலக் கையைத் தூக்கினார். ஆனால் சொல் வெளியே வந்துவிட்டது.

"என்ன தெரியும்?" என்றேன்.

சித்தப்பா சுவிட்ச் பலகையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நம்ம குடும்பப் படங்கள்ல எல்லாம் அண்ணிக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலா சிவப்பு ஏத்துன்னு சொல்வார். மொதல்ல ஒரு துளி சொன்னார். அப்புறம் இன்னும் கொஞ்சம். அப்புறம் இங்க லைட்டுக்கும் ஒரு தாள் போதல, மேல இன்னொண்ணு ஒட்டச் சொன்னார். இப்ப அதுல மூணு தாள் இருக்கு. எதுக்குன்னு நான் கேக்கல. கடைன்னா அப்படித்தானேன்னு விட்டுட்டேன்."

அப்பாவைப் பார்த்தேன். எந்த வாடிக்கையாளர் வந்தாலும், சட்டைக் காலர் இரண்டு நூல் ஏறியிருப்பதைக்கூடக் கண்டுபிடிக்கிற கண்கள். அவை எதையும் தவற விட்டதில்லை. கண் கண்டதை அவர் கை உடனே சரி செய்துவிட்டது. வாய்க்கு அந்தச் சேதி போய்ச் சேரவே இல்லை.

"சார்" என்றார் டாக்டர். கடுமை இல்லாமல்தான் சொன்னார். "நிறம் உங்க தொழில். என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும். எப்பலேர்ந்து ஏத்த ஆரம்பிச்சீங்க?"

அப்பா விளக்கில்லாத திரையையே வெறித்துக்கொண்டு, வலது கையால் எதையோ தேடினார். பழக்கதோஷத்தில் குடையின் திருகைத்தான் தேடினார் என்று நினைக்கிறேன். சித்தப்பா அதை மெதுவாக அவர் கைக்கு எட்டாத தூரத்துக்கு நகர்த்தி வைத்தார். வெளியே யாரோ கதவைத் தட்டி, "போட்டோ எடுக்கணும், திறந்திருக்கா?" என்று கேட்டார்கள். யாரும் திரும்பவில்லை.

அம்மா ஸ்டூலில் உட்கார்ந்தபடியே கொஞ்சம் கொஞ்சமாகச் சுழன்றாள். கேமராவுக்கு முதுகைக் காட்டினாள். அவ்வளவுக்கே அவளுக்கு மூச்சு இரைத்தது. நிறுத்தி, மூச்சு வாங்கி, மறுபடி வாங்கி, அப்பாவின் சட்டை முனையைப் பிடித்தாள்.

"என்னங்க" என்றாள். "அங்க பாக்காதீங்க. இப்படித் திரும்புங்க. என்னப் பாத்துச் சொல்லுங்க."